காற்றைப் பிழிந்தவர்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே வீடும் கட்டிக்கொண்டு, தண்ணீரைப் பரம எதிரியாக நினைத்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருடைய வீட்டில் நான் குடியிருந்தேன். நாளைக்கு எமதர்மன் என்னை நரகத்துக்கு அனுப்பத் தீர்மானித்தால், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லி, அங்கே குடியிருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்ளச் சொல்வதாக இருக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'ஈரம் சார்'. நெஞ்சில் ஈரம், பார்வையில் ஈரம் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அந்த வகை ஈரம் அவரிடம் மருந்துக்கும் கிடையாது. நான் சொல்வது காற்றில் இருக்கும் ஈரத்தை. அதைப் பிடித்து, பிழிந்து, வெளியே கொட்டுவதற்காக அந்த மனிதர் தன் ஆயுளில் நல்ல பாகத்தைச் செலவழித்தார். கூடவே எங்கள் ஆயுளிலும் கொஞ்சம்.

ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு திருச்சிக்கு மாற்றலாகி வந்தேன். ஸ்ரீரங்கத்தில் மேலூர் போகிற சாலையில், வாழைத் தோப்புகளுக்கு நடுவே ஒரு வீட்டின் முன்பகுதி காலியாக இருந்தது. பெரிய அறை, தனி அடுக்களை, வற்றாத கிணறு. இவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று யாரையாவது விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. புது மாப்பிள்ளைக்கு அந்த அறிவெல்லாம் ஏது?

வீட்டுக்காரர் நெட்டையாக, ஒடிசலாக, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருந்தார். திருச்சியில் ஓர் அலுவலகத்தில் ஹெட் கிளார்க். எங்கள் ஊர், உத்தியோகம், கோத்திரம் எதையும் கேட்கவில்லை. என் மனைவி கமலாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"துணி எங்கம்மா காயப் போடுவீங்க?"

"கொல்லையில கொடி இருக்கே..."

"கொல்லையில கூடாது. தோப்பு தாண்டி முள்வேலி இருக்கு. அங்க போட்டுக்குங்க."

அவருடைய மனைவி தனம் அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். குண்டான, கலகலப்பான மனுஷி. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருந்த குடும்பத்துப் பெண். "என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நல்ல மழை கமலா. அப்பவே இவரு திரும்பிப் போயிருக்கணும்" என்பாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கொல்லையில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் ஒரு கார். பொன்மலையில் இருந்த ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர் ஒருவர் குடும்பத்தோடு சீமைக்குக் கப்பல் ஏறியபோது இவரிடம் விற்றுவிட்டுப் போனது. இன்ஜின் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓடும். ஆனால் உடம்பு முழுக்க அம்மை போட்டதுபோல் பொடிப்பொடிக் கொப்புளங்கள்.

அந்தக் கொப்புளத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நாங்கள் வருவதற்கு முன்னால், ஓர் ஐப்பசி மாதத்தில், பாலக்கரையில் ஒரு ஷெட்டில் காரை விட்டுப் புதுப் பெயிண்ட் அடித்து வந்திருக்கிறார். கார்த்திகை தீபத்துக்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. நகத்தால் கிள்ளினால் உள்ளே ஒரு துளித் தண்ணீர். சண்டைக்குப் போனவரிடம் ஷெட்காரர் சிரித்துக்கொண்டே சொன்னாராம்:

"சார், நாங்க அடிச்சது பெயிண்ட்டுதான். உள்ள புகுந்தது உங்க ஊர் ஈரம். ரெண்டு ஆத்துக்கு நடுவுல குடியிருக்கீங்க. காருக்குப் பதிலா ஒரு பரிசல் வாங்கியிருக்கலாம்."

வேறு ஆளாக இருந்தால் நாலு வசவு வைதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார். இவர் வரும் வழியிலேயே பழைய சாமான் கடையில் நுழைந்து, டயருக்குக் காற்றடிக்கிற ஒரு பழைய கம்ப்ரஸரைப் பேசி முடித்துவிட்டார். தன் காருக்குத் தன் வீட்டில் தன் கையாலேயே பெயிண்ட் அடிப்பது, அதுவும் ஸ்ரீரங்கத்தின் காற்றைக் கொண்டே அடிப்பது, ஒரு கொப்புளம்கூட வராமல் அடித்து அதைப் பாலக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என்று சபதம். இப்படி ஒரு சபதம் எடுத்தவருக்கு யார் என்ன சொல்வது? கார் வைத்திருந்தும் சைக்கிளில் ஆபீஸ் போன ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும். காவிரிப் பாலத்தில் காலையில் பனி அடிக்கிறதாம், வண்டிக்கு ஆகாதாம்.

உதவிக்கு லூர்துசாமி என்று ஒருவர் வருவார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே சைக்கிளில் வந்து இறங்குவார். ஈரம் சாருக்கு உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதர். காரணம், லூர்துசாமிக்கு வலது காது சரியாகக் கேட்காது. சார் பேசும்போது அந்தக் காதைத்தான் அவர் பக்கம் வைத்திருப்பார்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு ஞாயிறு. கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தில் வாழை இலையெல்லாம் கிடுகிடுவென்று ஆடுகிறது. சார் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஸ்ப்ரே கன்னைப் பிடித்துக்கொண்டு, கார் கதவில் பெயிண்ட் அடிக்கிறார். கருநீலம். பார்க்கவே அழகாக இருந்தது. திடீரென்று கன் ஒரு தும்மல் தும்மியது. பெயிண்ட்டோடு சேர்ந்து தண்ணீர் தெறித்து, கதவு முழுவதும் கண் கண்ணாகப் பொத்தல் விழுந்துவிட்டது.

"எங்கேருந்துய்யா தண்ணி வருது? நான் காத்துதானே ரொப்பினேன்?"

"காத்துக்குள்ளதான் சார் இருக்கு. நீங்க அமுக்குறீங்க, அது சூடாகுது. சூடா இருக்கிறவரைக்கும் தண்ணியைத் தனக்குள்ளயே வெச்சுக்கும். ஆறினதும் கக்கிடும். ரயில் பிரேக்குக்கும் இதே தலைவலிதான். நாங்க டாங்கி அடியில குழாயைத் திறந்து தினம் வடிச்சுவிடுவோம்."

கம்ப்ரஸர் டாங்கியின் அடிக்குழாயைத் திறந்தார்கள். துருப்பிடித்த தண்ணீர் ஒரு செம்பு நிறைய வந்தது. ஈரம் சார் அதைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மாடத்தில் வைத்தார். அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதல் உபசாரம் அந்தக் குப்பிதான். "பாருங்க. இதைத்தான் நீங்க தினம் மூச்சா இழுக்கிறீங்க" என்பார். அதற்குப் பிறகு தனம் அக்கா கொடுக்கும் காபியை யாரும் முழுசாகக் குடித்து நான் பார்த்ததில்லை.

காற்று ஆறினால்தான் தண்ணீரைக் கக்கும்; ஆற வேண்டுமானால் அது நெடுந்தூரம் நடக்க வேண்டும். அதனால் வீடு முழுக்க இரும்புக் குழாய் போட்டார். கொட்டகையில் கிளம்பி, பின்பக்கத் தாழ்வாரம் வழியாக ஏறி, கூடத்தைச் சுற்றி, எங்கள் அறைக்குள் நுழைந்து, மறுபடியும் கொட்டகைக்கே போய்ச் சேரும் குழாய். தண்ணீர் ஓரிடத்தில் வந்து தங்குவதற்காகச் சரிவு கொடுத்து, பள்ளமான இடத்தில் ஒரு சின்னத் திருகு குழாயும் வைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் வீட்டிலேயே பள்ளமான இடம் எங்கள் அறை என்று தெரியவந்தது. அந்தத் திருகு என் தலையணைக்கு நேர் மேலே வந்தது.

"தம்பி, திறங்க!" என்று கொட்டகையிலிருந்து குரல் வரும். நான் எழுந்து திறக்க வேண்டும். புஸ்ஸென்று காற்றும் துருத்தண்ணீரும் பாயும். டம்ளரில் பிடித்துக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மனிதன் தூங்குவதற்கு என்று ஏற்பட்டது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"இந்த வீட்டுல குடிக்கிற தண்ணிக்குக் குழாய் கிடையாது. காத்துக்குக் குழாய்!" என்றாள் கமலா.

குழாயின் கடைசியில் ஓர் இரும்பு உருளை. அதற்குள் ஈரத்தை உறிஞ்ச என்னென்னவோ அடைத்துப் பார்த்தார். முதலில் அடுப்புக்கரி. கருநீலக் கார் கரும்புள்ளி குத்திக்கொண்டது. அடுத்தது சுண்ணாம்புக்கல். அது ஈரத்தை நன்றாகத்தான் குடித்தது. குடித்துவிட்டுப் பொடிந்து, பொடியெல்லாம் காரின் மேல் விபூதியாகப் படிந்தது. கடைசியில் பஞ்சு. நான் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்து படுத்தால் தலை 'ணங்'கென்று கட்டிலில் இடித்தது. தலையணை உறை மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"சார், என் தலகாணி..."

"இலவம்பஞ்சு தம்பி. முதல்தரம்" என்று பாராட்டினார்.

இத்தனைக்கும் கன் தும்முவது நிற்கவில்லை. அதை நிறுத்தியது, நம்பினால் நம்புங்கள், என் மனைவியின் கோபம்.

மார்கழித் தூறல். முள்வேலியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. கட்டிக்கொள்ள மாற்றுப் புடவை இல்லாத நிலைமை. அன்று சார் கொட்டகையில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்துக் குழாயைக் கமலா தொட்டுப் பார்த்தாள். கம்ப்ரஸரிலிருந்து புறப்பட்ட காற்று அந்த இடத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. பிழிந்த புடவையை அப்படியே அதன் மேல் சுற்றிப் போட்டாள். "காயட்டும். என்ன ஆனாலும் சரி" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் "தம்பி, திறங்க!" என்று குரல். திறந்தேன். டம்ளர் நிறைந்து, கூஜா நிறைந்து, தண்ணீர் நிற்காமல் வந்தது. கொட்டகையில் கம்ப்ரஸர் நின்றது. பிறகு திடுதிடுவென்று ஓடிவருகிற காலடி. சார் தாழ்வாரத்தில் நின்று குழாயின் மேல் கிடந்த புடவையைப் பார்த்தார். போச்சு, கிழித்தெறியப் போகிறார் என்று நினைத்தேன்.

"யார் போட்டது?"

"நான்தான்" என்றாள் கமலா, மோவாயை நிமிர்த்தி.

அவர் குழாயைத் தடவிப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சூடு அங்கேயே தணிந்ததால் தண்ணீர் முழுவதையும் காற்று வழியிலேயே கக்கிவிட்டு, உலர்ந்து போய்க் கன்னைச் சேர்ந்திருக்கிறது. கன் ஒரு தடவைகூடத் தும்மவில்லை.

"இன்னும் ஈரப் புடவை இருக்காம்மா?" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு பணிவை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றைக்கு வீட்டில் இருந்த அத்தனை துணியும் நனைந்தது. என் ஆபீஸ் வேட்டி உட்பட. தனம் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இத்தனை வருஷமா என்னைத் தோப்புக்கு விரட்டினாரு கமலா!" பிறகு நிரந்தரமாகவே குழாயைச் சுற்றி ஈரக் கோணி கட்டியாயிற்று.

அதோடு விட்டிருந்தால் இது ஒரு தமாஷ் கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் லூர்துசாமி, நல்ல மனிதர், வாய் சும்மா இராமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

"குழாய்க்குள்ள இருக்கிற ஈரத்தைப் பிடிச்சுட்டோம் சார். வெளியில இருக்கிற ஈரத்தை என்ன செய்யறது? பெயிண்ட் காயுறப்ப அதுவும்தான் மேல வந்து உக்காருது. பாருங்க, பால் ஆடை மாதிரி வெளுத்திருக்கு."

உண்மைதான். ஈரமான நாளில் அடித்தால் கருநீலம் காய்ந்ததும் மேலே மங்கலாக ஒரு வெள்ளை பூத்தது. உடனே வெளிக்காற்றின் மேல் போர் தொடங்கிவிட்டது. பெயிண்ட் அடிக்கிற நாளில் வாசல் தெளிக்கக் கூடாது. சோறு வடிக்கக் கூடாது. முதல் நாள் சோற்றைத் தின்ன வேண்டும், அதையும் ஆவி வராமல். கிணற்றடியில் குளிக்கக் கூடாது. காவிரியில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தெருவிலேயே மறித்து, "அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்றார். அவர் போட்ட சாபம் அடுத்த தெருவுக்குக் கேட்டது.

சித்திரை கடைசியில் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. ஊரே வெந்து புழுங்கியது. ஈரம் சார் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பளபளவென்று இருந்தார். காற்று காய்ந்த ஓலையாக வீசியது. அலுவலகத்துக்கு லீவு போட்டார். காரணம் என்னவென்று கேட்டதற்கு 'வெயில்' என்று எழுதிக் கொடுத்தாராம். கதவுகள் முடிந்தன, மட்கார்டுகள் முடிந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காரின் கூரைக்குக் கடைசிக் கோட்டு. கூரை என்பது ஒரே பெரிய பரப்பு. ஆரம்பித்தால் நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் அந்த இடத்தில் தையல் போட்டதுபோல் தடம் விழுந்துவிடும். லூர்துசாமி கம்ப்ரஸர் பக்கத்தில் இருந்தார். சார் பாதிக் கூரையைத் தாண்டியிருந்தார்.

அப்போது மண்ணச்சநல்லூரிலிருந்து, மில்லில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கினான். வாசலிலேயே தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். தனம் அக்காவின் அம்மா இறந்துவிட்டாள்.

அக்கா ஒரு கூச்சல் போட்டாள் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. கமலா பிடிக்கப் பிடிக்க, அவிழ்ந்த தலையோடு கொல்லைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கொட்டகை வாசலில் நின்று, கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்தினாள்.

"எங்கம்மா போயிட்டாங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கை கன்னை நிறுத்தவில்லை. இடது கையை மட்டும் தூக்கினார்.

"வெளியில போய் அழு தனம். ஈரம் ஏறும்."

லூர்துசாமி கம்ப்ரஸரை நிறுத்தக் கை நீட்டினார். சார் காலால் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

தனம் அக்காவின் அழுகை சட்டென்று நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். நானும் கமலாவும் அவளை ஜட்காவில் ஏற்றி பஸ்ஸுக்கு அழைத்துக்கொண்டு போனோம். மண்ணச்சநல்லூர் போய்ச் சேரும்வரை ஒரு பொட்டு அழவில்லை.

அவர் கூரையை முடித்துவிட்டுத்தான் வந்தார். அவர் வந்தபோது எடுத்தாகிவிட்டது.

கொட்டகையில் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் மறுநாளே திருவானைக்காவல் வரைக்கும் போய்விட்டது. டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர், நான் அதே வீட்டில் குடியிருப்பவன் என்று தெரியாமல் எனக்கே சொன்னார். கூடுதலாக நாலு வரி சேர்த்து, நடித்தும் காட்டினார். நம் ஜனங்களுக்கு அடுத்தவன் வீட்டு இழவு கிடைத்தால் போதும். அதில் ஒரு கோமாளியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

லூர்துசாமி மட்டும் சிரிக்கவில்லை. "வேலை முடிஞ்சதும் துண்டை அவிழ்த்துட்டு, 'தனம், வந்து பாரு, தனம்'னு கூப்பிட்டாருங்க. பதில் இல்லேன்னதும் வீட்டுக்குள்ள போய் அறை அறையாத் தேடினாரு. அப்புறம்தான் மூஞ்சி செத்துப் போச்சு" என்றார்.

கூரையை நான் பார்த்தேன். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன்: அப்படி ஒரு பெயிண்ட்டை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு வெளுப்பு இல்லை. குனிந்தால் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை.

காரியம் எல்லாம் முடிந்தும் தனம் அக்கா திரும்பி வரவில்லை. ஈரம் சார் ஒரு நாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நீங்க கூட வாங்க. எனக்குப் பேசத் தெரியாது."

அது அவருக்கே தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இருவரும் போனோம். மில்லில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். முற்றம் முழுக்க ஆவி. அந்த ஆவிக்குள்ளிருந்து அக்காவின் அண்ணன், மேலெல்லாம் தவிட்டோடு வந்தார்.

"வாங்க மாப்ள. பெயிண்ட் காஞ்சிடுச்சா?"

குத்தல் என்று எனக்குப் புரிந்தது, தூணுக்குக்கூடப் புரிந்திருக்கும். ஈரம் சார் முகம் மலர்ந்தார்.

"காஞ்சிடுச்சு மச்சான். மறுநாளே கல்லு மாதிரி ஆயிடுச்சு."

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உள்கதவுக்குப் பக்கத்தில் தனம் அக்கா வந்து நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை இறந்துபோன அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லியிருந்தால் போதும். அவர் முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் வழிந்த நீரைப் பார்த்தார்.

"இங்க ஒரு கோட்டுகூட அடிக்க முடியாது. எவ்வளவு ஈரம்!" என்றார்.

தனம் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில், "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன் தம்பி?" என்று கேட்டார்.

"அவங்க அம்மாவைப் பத்தி ஏதாவது கேட்டிருக்கலாமே சார்."

"செத்துப் போனவங்களைப் பத்தி என்ன கேக்கிறது?"

சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. கோபப்படுவதற்குக்கூட அந்த மனிதரிடம் பிடிமானம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. சட்டதிட்டங்கள் எல்லாம் தாமாகவே போயின. "துணியைக் கொல்லையிலயே போடுங்கம்மா" என்றார். கமலா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஆனால் தினம் ஒரு கிண்ணத்தில் குழம்பை மூடி அவர் வாசற்படியில் வைத்துவிட்டு வருவாள். கிண்ணம் கழுவித் திரும்பி வரும். பாலக்கரை ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நான் ஒரு தடவை ஞாபகப்படுத்தினேன். "யாருக்குக் காட்டி என்ன ஆகப் போவுது?" என்றார்.

தை பிறந்ததும் ஒரு நாள் காலையில் காரைக் கிளப்பினார். தெருவே வந்து நின்று பார்த்தது. தனியாக மண்ணச்சநல்லூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். மில் வாசலில் நிறுத்தி, சாவியை மைத்துனரிடம் கொடுத்து, "இது தனத்துக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டாராம். கொள்ளிடப் பாலத்தில் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தவரைப் பார்த்து யாரோ, "கார் எங்க சார்?" என்று கேட்டதற்கு, "குடுத்தாச்சு" என்றாராம். ஊர் அதற்கும் சிரித்தது.

மைத்துனர் ஒன்றும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கார் வந்து நின்றால் அதைப் பூஜையில் வைப்பாரா? பின்பக்க சீட்டைக் கழற்றிவிட்டுத் தவிட்டு மூட்டை ஏற்ற ஆரம்பித்தார். உள்ளே கொள்ளாததைக் கூரை மேல் போட்டுக் கயிறு கட்டினார்கள். கோணி உரசி, கயிறு இழுத்து, அந்தக் கூரையில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. தனம் அக்கா அங்கே அண்ணன் வீட்டில் நெல் துழாவிக்கொண்டு, அண்ணிக்குக் கைவேலை செய்துகொண்டு இருந்தாள். மூட்டையைப் பார்த்ததும் துடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாளாம். அன்றைக்கு வண்டி ஓட்டிய மில் டிரைவர் எங்களிடம் சொன்னது இது.

"எறக்குடா மூட்டையை!"

"அட, இதுல என்ன தனம்? தகரம்தானே?" என்றிருக்கிறார் அண்ணன்.

"தகரமா? எங்கம்மாவுக்கு நான் அழ வேண்டிய அழுகையைக் குடுத்து வாங்கின பெயிண்ட் அது. எறக்கு!"

"புருஷன் வேணாம்னு வந்து உக்காந்திருக்க. அந்தாளு அடிச்ச பெயிண்ட் மட்டும் வேணுமா?"

அக்கா நேரே உள்ளே போனாளாம். தன் துணிகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்து, தவிடு சிந்திக் கிடந்த காரில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "ஸ்ரீரங்கத்துக்கு விடு" என்றாளாம்.

கார் வந்து நின்றபோது ஈரம் சார் வாசலில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கீறலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சைக்கிளை ஸ்டாண்டு போட மறந்து அப்படியே விட்டார். அது தொபீரென்று விழுந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் புல்லாங்குழல் வாசித்திருப்பார்கள். அக்கா அவரைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பை மூட்டினாள். அன்றிலிருந்து ஒழுங்காகச் சமைத்தாள், பரிமாறினாள், அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். ஆனால் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் எங்கள் மூலமாகத்தான். "கமலா, அரிசி தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள், அவர் பக்கத்திலேயே நிற்கும்போது. "தம்பி, சாயங்காலம் வாங்கிட்டு வரேன்னு சொல்லுங்க" என்பார் அவர். ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நாங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தோம். சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று கமலா சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆகவில்லை. கூரையில் இருந்த கீறலையும் அவர் தொடவில்லை. கம்ப்ரஸர் இருந்தது, குழாய் இருந்தது, வருஷா வருஷம் வெயிலும் வந்தது. கன்னை மட்டும் அவர் மறுபடி கையில் எடுக்கவில்லை.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. அதன் பிறகு பல வருஷம் கழித்து, அறுபதுகளின் கடைசியில், ஆபீஸ் வேலையாகத் திருச்சிக்கு வந்தவன் ஸ்ரீரங்கம் போனேன். சார் ரிட்டயராகி இன்னும் ஒடிந்திருந்தார். தனம் அக்காவுக்குத் தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். பேச ஓர் ஆள் கிடைத்துவிட்டதல்லவா! "மருந்து வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க தம்பி" என்றாள் அக்கா என்னிடம். "சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க" என்றார் அவர் என்னிடம். நான் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தேன்.

புறப்படும்போது, வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தார். வெயிலில் என் பக்கத்தில் நின்றார். தொலைவில் பஸ் தெரிந்ததும், அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நான் கொல்லைப் பக்கம் போயிருந்தப்ப, அக்கா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

அக்கா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"சொன்னாங்க சார். நீங்க ரொம்ப இளைச்சுட்டீங்கன்னு வருத்தப்பட்டாங்க."

என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். "பொய் சொல்றீங்க தம்பி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். என் தூக்கத்தைக் கெடுத்தவர், தலையணைப் பஞ்சைப் பிடுங்கியவர், ஒரு நல்ல மனுஷியின் சிரிப்பை அணைத்தவர். வண்டி நகர்ந்த பிறகும் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினேன். சொந்தத் தகப்பனாரை ஊரில் விட்டுவிட்டு வந்தபோதுகூட நான் அவ்வளவு நேரம் கையை ஆட்டியதில்லை.